தமிழகக் காவல்துறையில் மோப்ப நாய்கள்: வரலாறும் வரம்பும்

மோப்ப நாய் என்பது மனிதர், வெடிபொருள், போதைப்பொருள் முதலியவற்றின் வாசனையை அறிந்து காட்டப் பயிற்சி பெற்ற நாய் ஆகும். காவல்துறை, இராணுவம், சுங்கத்துறை, வனத்துறை ஆகியவை இவற்றைப் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டுக் காவல்துறையின் நாய்ப்படைப் பிரிவு 1951ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. இந்தியக் காவல்துறைகளில் இதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியும், நாய் ஒருவரை அடையாளம் காட்டியது என்பதற்காக மட்டும் அவரைக் குற்றவாளியாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதற்கான காரணங்கள் நாயின் மூக்கிலும் சட்டத்திலும் சேர்ந்தே இருக்கின்றன.

தொடக்கம்

குற்றவாளியைத் தேட நாயைப் பயன்படுத்தும் எண்ணம் பழமையானது. 1888இல் இலண்டனில் தொடர்கொலைகள் நடந்தபோது, காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரன், பர்னபி, பர்கோ என்ற இரு பிளட்ஹவுண்டு நாய்களைப் பூங்காவில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஆனால் கொலையாளி பிடிபடவில்லை. 1899இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் காவல் நாய்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் 1970இல் மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் நிறுவப்பட்டது.

காவல் பணிக்கு லேப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இனங்களே பெரிதும் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை போன்ற நாய்கள் கண்ணால் பார்த்து இரையை விரட்டும் வேட்டை நாய்கள். மோப்பப் பணிக்கு வேண்டிய குணம் வேறு.

மூக்கு வேலை செய்யும் விதம்

மனித மூக்கில் வாசனை அறியும் உயிரணுக்கள் சுமார் 50 முதல் 60 இலட்சம் இருக்கின்றன. நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. மனிதர் நடக்கும்போது தோலிலிருந்து நுண்ணிய துகள்கள் உதிர்கின்றன. கால் பட்ட இடத்தில் மண்ணும் புல்லும் நசுங்கி வேறொரு வாசனையை எழுப்புகின்றன. இவ்விரண்டையும் சேர்த்தே நாய் தடம் பிடிக்கிறது. ஒருவர் எந்தத் திசையில் சென்றார் என்பதை அறிய நாய்க்கு ஐந்து காலடிகள் போதும் என்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழைய காலடியைவிடப் புதிய காலடியில் வாசனை சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தச் சிறு வேறுபாட்டை நாயால் உணர முடிகிறது.

தண்டலத்தில் அறுபடும் தடம்

"மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." தமிழ் நாளிதழ்களில் திருட்டுச் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இது நாயின் தோல்வி அன்று.

ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள தண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் ஓயாமல் ஓடும் பகுதி இது. ஊருக்குள் திருடியவர் நெடுஞ்சாலைவரை நடந்து வந்து வண்டியில் ஏறிவிட்டால், காலடித் தடம் அங்கேயே அறுந்துவிடும். வெயிலில் காயும் தார்ச்சாலையில் வாசனை நெடுநேரம் தங்காது. கூட்டம் கூடி மிதித்தாலும் தடம் குலைந்துவிடும். குற்றம் நடந்த இடத்தில் யாரும் நடமாடக்கூடாது என்று காவல்துறையினர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெடிபொருள் தேடும் நாய்

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி ஆர்.டி.எக்ஸ். நிரப்பிய இடுப்புப்பட்டை வெடிகுண்டால் கொல்லப்பட்டார். இன்று தலைவர்கள் வரும் மேடைகளிலும் பாதைகளிலும் முன்கூட்டியே மோப்ப நாய்கள் சோதனையிடுவது வழக்கமான காட்சி. வெடிபொருள் வாசனை தெரிந்தால் குரைக்காமல், தொடாமல், அந்த இடத்தில் உட்கார்ந்து காட்ட இந்த நாய்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

தடம் பிடிக்கும் நாய்க்கும் வெடிபொருள் தேடும் நாய்க்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நாய் காட்டிய பையைத் திறந்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நாய் காட்டிய மனிதரை அப்படித் திறந்து பார்க்க முடியாது.

நீதிமன்றத்தில்

மகாராஷ்டிராவில் ரயில் தடம் புரண்டது தொடர்பான வழக்கில், 1969இல் உச்ச நீதிமன்றம் மோப்ப நாய்ச் சான்றுக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று தடைகளை எடுத்துக் கூறியது. நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவோ குறுக்கு விசாரணைக்கு உட்படவோ முடியாது. நாயின் ஊகத்தை நம்பி ஒரு மனிதரின் உயிரையும் உரிமையையும் முடிவு செய்யக்கூடாது. மேலும், நாய் ஒருவரைக் காட்டும் காட்சி அதன் உண்மையான மதிப்பைவிடப் பெரிய தாக்கத்தை உண்டாக்கிவிடும். ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2001இல் தீர்ப்பளித்தபோதும் அதே நீதிமன்றம் இந்த எச்சரிக்கையை வலியுறுத்தியது. புலனாய்வுக்கு நாயின் உதவியை நாடலாம், ஆனால் தீர்ப்புக்கு அதை நம்பியிருக்க முடியாது என்பது அதன் சாரம்.

பின்னர் வந்த அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. 2011இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வொன்றில், 18 நாய்கள் தம் பயிற்றுநர்களுடன் சோதிக்கப்பட்டன. சோதனை இடத்தில் போதைப்பொருளோ வெடிபொருளோ எதுவுமே வைக்கப்படவில்லை. அங்கே பொருள் ஒளிந்திருக்கிறது என்று பயிற்றுநர்களிடம் மட்டும் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான தேடல்களில் நாய் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பயிற்றுநர்கள் அறிவித்தார்கள். தன்னை வளர்த்தவரின் முகக்குறிப்பையும் உடலசைவையும் நாய் படிக்கிறது. நாயின் அசைவைத் தம் நம்பிக்கைக்கேற்பப் பயிற்றுநரும் புரிந்துகொள்கிறார்.

ஆகவே மோப்ப நாயின் பணி வழியைக் காட்டுவது. அந்த வழியில் சென்று கைரேகை, களவுப்பொருள், கண்ணால் கண்ட சாட்சி ஆகியவற்றைத் திரட்டுவது காவலர்களின் பணி. அவை கிடைக்காதபோது, நாய் வந்து நின்ற வாசலில் குடியிருப்பவர் சந்தேகத்துக்கு உரியவராக இருக்கலாம், குற்றவாளி ஆகிவிடமாட்டார்.