இரண்டு வேலை, ஒரு பேறுகாலம்: பிரிட்டனின் மகப்பேறு ஊதியச் சட்டம் வந்த வழி

பிரிட்டனில் இரண்டு இடங்களில் வேலை பார்க்கும் ஒரு பெண் கருவுற்றால், பேறுகாலத்தில் அவருக்கு ஊதியம் தரவேண்டியவர் யார்? இரு முதலாளிகளுமா, ஒருவர் மட்டுமா, ஒருவருமே இல்லையா? இந்த மூன்றுமே இன்றைய சட்டப்படி சரியான விடைகள். எந்தப் பெண்ணுக்கு எந்த விடை என்பதை, அவர் மொத்தமாக எவ்வளவு உழைத்தார் என்பதைவிட, அந்த உழைப்பு எத்தனை முதலாளிகளுக்கிடையே எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதே முடிவு செய்கிறது. இந்த நிலை திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததால் வந்தது. அது எப்படிப் படிந்தது என்பதைக் கால வரிசையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வந்தது தடை. பணம் பின்னால்தான் வந்தது. குழந்தை பெற்று நான்கு வாரம் ஆகாத பெண்ணைத் தெரிந்தே தொழிற்சாலையிலோ பட்டறையிலோ வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. அந்த நான்கு வாரங்களும் அவர் எதை உண்டு உயிர் வாழ்வார் என்பது குறித்துச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இழப்பீடில்லாத தடை, ஏழைப் பெண்ணைப் பொறுத்தவரை, தண்டனைதான்.

நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில்தான் பணம் முதன்முதலாக எட்டிப் பார்த்தது. காப்பீடு செய்த தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவம் நேர்ந்தால் 30 ஷில்லிங். ஆனால் காப்பீடு கணவர் பேரில் இருந்ததால் பணமும் அவர் கைக்கே போகக்கூடியதாக இருந்தது. மார்கரெட் லெவலின் டேவிஸ் செயலாளராக இருந்த மகளிர் கூட்டுறவுக் கில்டு இதை எதிர்த்துப் போராடியது. 1913-இல் வந்த திருத்தம் அந்தத் தொகையைத் தாயின் சொத்தாக்கியது. (பிள்ளைப்பேற்றின்போது தாங்கள் பட்ட துன்பத்தைப் பெண்களே எழுதிய 160 கடிதங்களை அதே கில்டு 1915-இல் நூலாக வெளியிட்டது. சட்ட வரலாற்றைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். சட்டப் பிரிவுகள் சொல்லாததை அக்கடிதங்கள் சொல்கின்றன.) அதே 1913 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. கணவரும் காப்பீடு செய்தவர், தாமும் வேலை பார்த்துக் காப்பீடு செய்தவர் என்றால் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது 30 ஷில்லிங்கும் உண்டு. ஒரே பிரசவத்துக்கு இரண்டு உரிமைகள் இருக்க முடியும் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இது. ஒப்புக்கொண்ட காரணமும் நேர்மையானது: இரண்டு சந்தா கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே இரண்டு பயன்.

சமூகக் காப்பீடு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கையின் வழியில் வந்த 1946-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் நடைமுறைக்கு வந்தது. பிரசவச் செலவுக்கு 4 பவுண்டு மானியம். வேலை பார்த்த பெண்ணுக்கு வாரம் 36 ஷில்லிங் வீதம் 13 வாரங்களுக்கு மகப்பேற்று உதவித்தொகை. 1953-இல் இந்தக் காலம் 18 வாரமானது. நம் கேள்விக்கு இங்கே முக்கியமானது பணம் தந்தவர் யார் என்பது. தந்தது அரசு. அரசு பார்த்தது அந்தப் பெண்ணின் சந்தாக் கணக்கை. எத்தனை பேரிடம் வேலை பார்த்தார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது: திருமணமான பெண்கள் குறைந்த சந்தா கட்டினால் போதும் என்ற சலுகை. அதைத் தேர்ந்தெடுத்த ஏராளமான பெண்கள் உதவித்தொகைக்கான உரிமையையும் அத்துடன் இழந்தார்கள். 1977-இல்தான் அந்தச் சலுகையைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வழி அடைக்கப்பட்டது.

திருப்பம் 1975-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டத்தில் நிகழ்ந்தது. பெண்ணியக்கமும் தொழிற்சங்கங்களும் கொண்டாடிய சட்டம் அது, கொண்டாடத் தக்கதும்கூட. பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் உரிமையை அது தந்தது. ஆறு வாரங்களுக்குச் சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்கு (அரசின் உதவித்தொகை போக) முதலாளியே தரவேண்டும் என்றது. ஆனால் உரிமை இப்போது வேலை ஒப்பந்தத்தில் தொங்கியது. ஒரே முதலாளியிடம் இரண்டாண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். வாரத்துக்கு 16 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். 8 மணி நேரமே என்றால் ஐந்தாண்டுப் பணி வேண்டும். ஓரிடத்தில் 12 மணி நேரமும் இன்னோரிடத்தில் 12 மணி நேரமும் உழைத்த பெண், 24 மணி நேரம் உழைத்தவராகக் கருதப்படவில்லை. 12 மணி நேரம் உழைத்த இரண்டு தனித்தனிப் பெண்களைப்போல அவரைச் சட்டம் நடத்தியது.

இரு வேறு முதலாளிகள் என்பதால்தான் இப்படி என்று யாராவது நினைத்தால், 1987-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பைப் பார்க்கவேண்டும். 'சர்ரே கவுண்டி கவுன்சில் எதிர் லூயிஸ்' என்ற அவ்வழக்கு ஒரு பகுதிநேர ஆசிரியையின் பணிநீக்கம் பற்றியது, மகப்பேறு பற்றியதன்று. ஆனால் மணிக்கணக்கு விதி இரண்டுக்கும் பொது. ஒரே கவுன்சிலுக்காக அவர் தனித்தனி ஒப்பந்தங்களில் பாடம் நடத்தியிருந்தார். அந்த மணிகளைக் கூட்ட முடியாது, ஒப்பந்தம் ஒவ்வொன்றும் தனி என்று தீர்ப்பாயிற்று. ஒரே முதலாளியே வேலையை நறுக்கிக் கொடுத்தால் உரிமையும் நறுக்கப்பட்டுவிடும் என்பதே இதன் நடைமுறை விளைவு. 1994-இல் சம வாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கில், இத்தகைய மணிநேர வரம்புகள் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று அதே சபை கூறியது. மறு ஆண்டு அவை நீக்கப்பட்டன.

அதற்குள் மகப்பேறு ஊதியத்தின் அமைப்பே மாறிவிட்டிருந்தது. 1986-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நார்மன் ஃபௌலர் அமைச்சராக இருந்தபோது வந்தது. சட்டப்படியான மகப்பேறு ஊதியம் 1987 ஏப்ரலில் தொடங்கியது. எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்துவந்த 25 பவுண்டு மானியம் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஊதியத்தை இனி முதலாளி சம்பளத்தோடு சேர்த்துத் தருவார், பிறகு அரசிடம் ஈடு பெற்றுக்கொள்வார். தகுதிக்கு இரண்டு சோதனைகள். பிரசவத்துக்கு 15 வாரம் முன்புவரை அதே முதலாளியிடம் குறைந்தது 26 வாரம் வேலை. சராசரி வாரச் சம்பளம் காப்பீட்டுச் சந்தா தொடங்கும் வரம்பை எட்டியிருத்தல். அந்த வரம்பு அப்போது வாரத்துக்கு 39 பவுண்டு.

இரண்டு சோதனைகளும் முதலாளி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நடக்கும். இருவரிடமும் தேறினால் இருவரும் முழுதாகத் தரவேண்டும். ஒருவரிடமும் தேறாவிட்டால்? அரசின் மகப்பேற்று உதவித்தொகை இருந்தது. ஆனால் அதற்கும் சந்தா கட்டியிருக்கவேண்டும். இரு வேலையிலும் வரம்புக்குக் கீழே சம்பாதித்தவரின் சம்பளத்தில் எங்குமே சந்தா பிடிக்கப்படவில்லை. எனவே 1987-க்கும் 2000-க்கும் இடையில், இரண்டு சிறு வேலைகள் பார்த்த பெண் இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டார். இந்தப் பதின்மூன்று ஆண்டுகள்தான் இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி என்று கருதுகிறேன். துப்புரவு, பள்ளிச் சமையலறை, கடை வேலை என்று துண்டு துண்டாகப் பிழைத்தவர்கள் மேலேயே அது விழுந்தது.

கூட்டிப் பார்க்கும் வழி சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒரே முதலாளியிடம் உள்ள இரண்டு ஒப்பந்தங்களை ஒன்றாகக் கொள்ள 1986-இன் விதிமுறைகள் இடம் தந்தன. சந்தாவுக்காக அவற்றின் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது நடைமுறையில் இயலாது என்றால் மட்டும் விலக்கு. இதைவிடத் தெளிவான சான்று 1991-இல் கிடைக்கிறது. தேசிய மருத்துவச் சேவை தனித்தனி அறக்கட்டளைகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஒரே வேலையாக இருந்தது சில ஊழியர்களுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ உடைந்தது. அவ்வாறு உடைந்த ஒப்பந்தங்களை மகப்பேறு ஊதியத்துக்காக ஒன்றாகக் கருதும்படி கேட்கும் உரிமையை அவர்களுக்கென்றே தனி விதிமுறை கொடுத்தது. அரசு தானே வேலையை உடைத்தபோது பரிகாரம் தயாராக இருந்தது. சந்தை உடைத்தபோது இல்லை.

1994-இல் ஐரோப்பிய ஆணைப்படி உயர்வீத ஊதியத்துக்கு அதுவரை நீடித்த இரண்டாண்டுப் பணி என்ற நிபந்தனை ஒழிந்து, 26 வாரம் வேலை பார்த்த அனைவருக்கும் முதல் ஆறு வாரத்துக்கு 90 விழுக்காடு கிடைத்தது. 2000 ஆகஸ்டில் உதவித்தொகைக்கான சந்தா நிபந்தனை நீங்கியது. பிரசவத்துக்கு முந்தைய 66 வாரத்தில் 26 வாரம் வேலை, அதில் 13 வாரத்துக்குச் சராசரி 30 பவுண்டு வருமானம் என்றால் போதும். எல்லா வேலைகளின் வருமானத்தையும் கூட்டிக்கொள்ளலாம். 1948-இன் பார்வை ஓரளவு மீண்டது. பணம் தரும் காலம் 2003-இல் 26 வாரமாகவும் 2007-இல் 39 வாரமாகவும் நீண்டது.

ஆனால் இரண்டு ஏற்பாடுகளையும் பிரிக்கும் ஒரு சுவர் எஞ்சியது. 1992-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சந்தா, பயன்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, ஏதேனும் ஒரு முதலாளியிடம் மகப்பேறு ஊதியத்துக்குத் தகுதி இருந்தால் அரசின் உதவித்தொகை கிடையாது. இதன் விளைவை 2025-26 நிதியாண்டின் தொகைகளைக் கொண்டு கணக்கிடலாம். வரம்பு வாரம் 125 பவுண்டு. ஆறு வாரத்துக்குப் பிறகான உச்சத்தொகை வாரம் 187.18 பவுண்டு.

இரண்டு வேலையிலும் வாரம் 115 பவுண்டு பெறும் பெண்ணுக்கு மொத்தம் 230. எந்த முதலாளியும் தரவேண்டியதில்லை. உதவித்தொகைக்கு இரண்டையும் கூட்டுவதால் வாரம் 187.18 வீதம் 39 வாரத்தில் ஏறத்தாழ 7,300 பவுண்டு கிடைக்கும். ஒரு வேலையில் 130, மற்றதில் 100 பெறும் பெண்ணுக்கும் மொத்தம் அதே 230தான். முதல் முதலாளியிடம் தகுதி இருப்பதால் உதவித்தொகைக் கதவு சாத்தப்படுகிறது. 130-இல் 90 விழுக்காடான 117 பவுண்டு மட்டுமே 39 வாரமும் வரும், மொத்தம் 4,563. உழைப்பு ஒன்று, வருமானம் ஒன்று, வேறுபாடு 2,700 பவுண்டுக்கு மேல். மறுபக்கம், இரண்டு வேலையிலும் 400 பெறுபவருக்கு இரு முதலாளிகளும் தருவதால் பின்னைய 33 வாரங்களில் வாரம் 374.36 கிடைக்கிறது. ஒரே வேலையில் 800 பெறுபவருக்கு அதே வாரங்களில் 187.18தான். கூலி குறைந்தவரின் வேலை பிரிந்தால் நட்டம்; ஓரளவு நல்ல சம்பளக்காரரின் வேலை பிரிந்தால் லாபம். இரு முதலாளிகளிடமும் பெறுவதை நான் குறை சொல்லவில்லை. 1913-இன் நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம் 130-உம் 100-உம் பெறுபவரை எட்டவில்லை என்பதே என் வருத்தம்.

நடைமுறையில் தெரிந்திருக்கவேண்டிய சில உண்டு. முதலாளி ஒவ்வொருவரிடமும் தனியே அறிவிப்புக் கொடுத்துக் கேட்கவேண்டும். மறுப்பவர் காரணத்தை எஸ்எம்பி1 என்ற படிவத்தில் எழுதித் தரவேண்டும். எங்குமே தகுதியில்லை என்றால் அதை வைத்துத்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது. ஊதியம் தரவேண்டிய கடமை இல்லாத இரண்டாவது முதலாளியிடம், பிரசவத்துக்கு 15 வாரம் முன்பே வேலையில் இருந்திருந்தால், குழந்தை பிறந்தபின் திரும்பிச் சென்று வேலை பார்த்தாலும் முதலாமவர் தரும் ஊதியம் நிற்காது. புதிதாக ஒருவரிடம் சேர்ந்தால் நின்றுவிடும். குறைந்த வருமானத்தாருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவியை வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: மகப்பேறு ஊதியம் அங்கே சம்பளமாகக் கருதப்படுகிறது, உதவித்தொகையோ முழுதாகக் கழிக்கப்படுகிறது. எனவே மேலே சொன்ன 7,300 பவுண்டு எல்லார் கையிலும் அப்படியே தங்குவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கு சென்று, செவிலியராகவும் பராமரிப்புப் பணியாளராகவும் இருப்பவர்களை இது நேரடியாகத் தொடுகிறது. திறன்பணி விசாவில் உள்ளவர்கள் முதன்மை வேலைக்கு மேல் வாரம் 20 மணி நேரம்வரை துணைவேலை பார்க்க விதிகளுக்கு உட்பட்டு அனுமதி உண்டு. விசாவில் 'பொதுநிதி உதவி இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகப்பேறு ஊதியத்தையும் கேட்கக்கூடாதென்று அஞ்ச வேண்டியதில்லை. ஊதியமும் உதவித்தொகையும் பொதுநிதிப் பட்டியலில் சேராதவை. துணைவேலையில் சம்பளம் வரம்பைத் தாண்டி, 26 வாரமும் நிறைந்திருந்தால் அந்த முதலாளியிடமும் கேட்கலாம்.

2025-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், நோய்க்கால ஊதியத்துக்கு இந்தச் சம்பள வரம்பே வேண்டாமென்று எடுத்துவிட்டது. மகப்பேறு ஊதியத்தில் அது தொடர்கிறது. பெற்றோர் விடுப்பு முழுவதையும் ஆராயும் 18 மாத மறுஆய்வை அரசு 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. வரம்பை இங்கும் நீக்குவது ஒரு வழி. அதற்கு மனமில்லை என்றால், 1991-இல் மருத்துவச் சேவை ஊழியருக்குத் தந்த தேர்வுரிமையை விரிவாக்கி, ஒரு முதலாளியின் ஊதியமா, எல்லா வேலைகளையும் கூட்டிக் கணக்கிட்ட உதவித்தொகையா என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்கும்படி 35-ஆம் பிரிவைத் திருத்தினால் போதும்.