உரிமப் பயிர் முதல் ஊறல் பேரல் வரை: ஜவ்வாது மலையும் போதைப்பொருள் காவலும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கஞ்சாப் பொட்டலத்தோடு காவி உடுத்திய ஒருவர் சிக்கினால், பேச்சு பெரும்பாலும் அந்தக் காவியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சரக்கு எந்த மலையில் விளைந்தது, யார் தலைச்சுமையாக இறங்கியது, யார் முதல் போட்டது என்று விசாரணை பின்னோக்கிப் போவது அபூர்வம். அப்படிப் பின்னோக்கிப் போகிறவருக்குக் கோயில் நகரத்துக்கு அருகிலேயே ஒரு பழைய தடம் கிடைக்கிறது. போளூர், கலசபாக்கம், செங்கம் பக்கங்களிலிருந்து மேலேறும் ஜவ்வாது மலை அது.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து, இந்தியாவில் கஞ்சாவின் விளைச்சலையும் பயன்பாட்டையும் ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மேக்வொர்த் யங் தலைமையிலான அந்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையைத் தந்தது. சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களுள் ஒன்றாக அது ஜவ்வாது மலையைக் குறித்திருக்கிறது. முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பதே ஆணையத்தின் முடிவு. அன்றைய அரசுக்குச் செடி குற்றமாகத் தெரியவில்லை. தீர்வை கட்டாத சரக்குதான் குற்றம். கடத்தல் என்றால் வரி ஏய்ப்பு.

இதே காலத்தில் இன்னொரு சட்டமும் மலை ஏறியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக அறிவிக்க வழி செய்தது. அனுமதியின்றி நுழைவதும் நிலம் திருத்துவதும் தண்டனைக்குரியவை ஆயின. சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர், ஒரு பக்கம் கலால் துறையின் கணக்குக்குள்ளும் மறுபக்கம் வனத்துறையின் எல்லைக்கல்லுக்குள்ளும் வந்தார்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது. மலைமக்களின் பிழைப்பை மாற்றிய சட்டங்கள் எல்லாம் மாற்றுப் பிழைப்பைப் பற்றி யோசிக்காமலே வந்தன.

1937இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு போதைப்பொருள்களையும் சேர்த்தே தடுத்தது. சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. 1961இல் ஐ.நா.வின் ஒற்றைப் போதைப்பொருள் உடன்படிக்கை உருவானது. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்ற அதன் கெடு நெருங்கியபோது, 1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இந்தியாவெங்கும் நடைமுறைக்கு வந்தது. பழைய அறிக்கையில் உரிமப் பயிராக இருந்த செடியை வளர்த்தால் இனிப் பத்து ஆண்டுகள் வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. அதற்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள்.

இந்தச் சட்டம் பட்டா நிலத்தில் ஒரு மாதிரியும் காட்டில் வேறு மாதிரியும் வேலை செய்கிறது. தன் நிலத்தில் கஞ்சாச் செடி முளைத்திருந்தால் உடனே தகவல் தர வேண்டிய கடமையை 46ஆம் பிரிவு நிலக்காரர் மீது சுமத்துகிறது. கொல்லையில் செடி இருந்தால் கொல்லைக்காரரைக் கேட்கலாம். காப்புக்காட்டில் நிலக்காரர் அரசே. ஆகவே சோதனைக்குப் போகும் அன்று அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டோ காவல் இருந்தோ சிக்குபவர்தான் குற்றவாளி. அவர் பெரும்பாலும் கூலி. விதை கொடுத்தவரும் பணம் போட்டவரும் மலையடிவாரத்தைத் தாண்டி வருவதே இல்லை. பொதுக்காட்டைக் கடத்தல்காரர்கள் தேடுவதற்கு மறைவும் ஓடைத் தண்ணீரும் மட்டும் காரணமல்ல. அங்கே சொத்தைப் பறிகொடுக்க யாரும் இல்லை என்பதும் காரணம்.

காவலர் பக்கத்துச் சிரமத்தையும் சொல்ல வேண்டும். வாரண்ட் இல்லாமல் கட்டடத்தையோ அடைக்கப்பட்ட இடத்தையோ சோதிக்க 42ஆம் பிரிவு தரும் அதிகாரம் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்டது. இரவில் புகுந்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். ஆளைச் சோதிக்குமுன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். செல்பேசி சிக்னல் எட்டாத சரிவில், டார்ச் வெளிச்சத்தில் இந்தத் தாள்களையெல்லாம் பிழையில்லாமல் எழுதுவது எளிதல்ல. ஆனாலும் இந்தக் காப்புகள் தேவையானவை. போதைப்பொருள் அதிகாரிகளிடம் தந்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில்தான். மிரட்டி வாங்கிய கைநாட்டில் முதலாளியைப் பிடிக்க முடியாது. பணம் போன வழியைப் பிடிக்க வேண்டும்.

சாகுபடி என்று பார்த்தால், 1980களுக்குப் பின் தமிழ்நாட்டில் பெயர் அடிபட்டவை தேனி மாவட்டத்தின் கம்பம், வருசநாடு பக்கத்து மலைகள். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் காவல் துறை அடிக்கடி ஏறியது கள்ளச்சாராயத்துக்காக. ஓடையோரப் புதரில் பாதி புதைத்த பிளாஸ்டிக் பேரல். அதற்குள் தண்ணீரில் கரைத்த வெல்லமும் வேலம்பட்டையும் நுரைத்துப் புளிக்கும் ஊறல். வாடை வந்த திசையில் தேடிப் போய், பேரலைச் சாய்த்துக் கொட்டி, படமெடுத்து, அழித்த லிட்டர் கணக்கோடு இறங்கிவிடுவார்கள். புது பேரலும் வெல்ல மூட்டையும் கீழிருந்து மறுபடி ஏறும். வெல்லம் மலையில் காய்ப்பதில்லை. மூட்டை மூட்டையாக அதை விற்றவரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டாத வரை அந்த லிட்டர் கணக்குக்கு அதிக மதிப்பில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தபோது இந்தக் கணக்கின் வெறுமை கொடூரமாக வெளிப்பட்டது. அவர்களைக் கொன்றது மலையில் காய்ச்சிய சாராயமல்ல, ஆலைகளுக்கான மெத்தனால். மலையில் பேரல் உடைபட்டுக்கொண்டிருக்க, சமவெளியில் விஷம் பாக்கெட்டில் விற்றது. அதன் பிறகே ஆயுள் தண்டனை வரை போகும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

கஞ்சாவும் இதற்குள் வடக்கே நகர்ந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டுக்கு வரும் சரக்கின் பெரும் ஊற்று ஆந்திர-ஒடிசா எல்லையின் பழங்குடிக் காடுகள். 2021 இறுதியில் ஆந்திரக் காவல் துறை ‘பரிவர்த்தனா’ நடவடிக்கையில் 7,500 ஏக்கர் அளவுக்குப் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் கொளுத்தியது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு ‘ஆபரேஷன் கஞ்சா 2.0’ என்ற ஒரு மாதத் தேடலை 2022 மார்ச்சில் தொடங்கினார். மாநிலத்தில் கஞ்சா சாகுபடியே இல்லை என்கிறது அரசு. ஆனால் காக்கி டேப் சுற்றிய பண்டல்கள் ரயில் பெட்டிகளில், இருக்கைக்கடியில் கேட்பாரற்ற பைகளாகக் காட்பாடிச் சந்திப்பில் சிக்கியபடியே இருக்கின்றன. காட்பாடியிலிருந்து திருவண்ணாமலைக்கு நேர் ரயில்பாதை உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் ஊருக்கு அந்தப் பாதையின் காவல், மலைச் சோதனையை விட முக்கியமானது.

ஜவ்வாது மலையின் உழைப்பு இதற்கிடையே வேறொரு கடத்தலுக்கு வாடகைக்குப் போனது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட அழைத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சரக்கு மாறியது, மேஸ்திரி தரும் முன்பணமும், காட்டில் பிடிபடும் கூலியும், வெளியில் நிற்கும் வியாபாரியும் மாறவில்லை.

அமெரிக்காவின் பொதுக்காடுகளிலும் இதே அமைப்புதான். கலிஃபோர்னியாவில் 1983 முதல் ஹெலிகாப்டர் வைத்துச் செடி பிடுங்கினார்கள். கஞ்சாக்காரர்கள் இன்னும் உள்ளே போனார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த 58 ஃபிஷர் என்னும் காட்டு விலங்குகளில் 46இன் உடலில் எலிவிஷம் இருந்ததைக் காட்டியது. கள்ளத் தோட்டங்களில் கொட்டிய விஷமே அதற்கு முக்கியக் காரணமாக இருக்கக்கூடும் என்றது. தாய்லாந்தோ 1969இல் தொடங்கிய அரச திட்டத்தின் மூலம் அபின் விளைந்த மலைகளுக்குக் காப்பியையும் பழங்களையும் காய்கறிகளையும் கொண்டுபோனது; சந்தைக்குச் சாலையும் போட்டது. பலன் வரப் பல ஆண்டுகள் ஆயின, ஆனால் வந்தது.

ஜவ்வாது மலையிலும் சாமை, தேன், புளி, மிளகு இருக்கின்றன. நிலத்தின் மீதான உரிமைதான் தாமதமாகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது, நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2008 முதல் 2016 வரை முடங்கிக் கிடந்தது. உரிமை பெற்ற கிராம சபைக்குத் தன் எல்லைக்குட்பட்ட காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. வனவரும் மதுவிலக்குக் காவலரும் எப்போதாவது ஏறும் ஓடைக்கரைகளில் ஆண்டு முழுதும் நடமாடுபவர்கள் அந்தச் சபையின் உறுப்பினர்களே. அவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துக் காவல் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.