பழைய கிதாபுகள், குடும்பப் படங்கள்: தரம் குறையாமல் சிறிதாக்குவதும் கூர்மையாக்குவதும்

காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரை என நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளின் அலமாரிகளில் அரபுத்தமிழ் கிதாபுகளும் நிகாஹ் பதிவுத் தாள்களும் பெரியவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களும் இன்னும் இருக்கின்றன. தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அந்தக் காலத்துப் படம் ஒன்று வீட்டில் இருந்தால், அதைப் போல் இன்னொன்று இனி எடுக்க முடியாது. உப்புக்காற்றும் பூச்சியும் தாளை அரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே அவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்ல காரியம். ஆனால் படத்தைச் சிறிதாக்கும்போதும் தெளிவாக்கும்போதும் கவனம் தவறினால், எழுத்தின் பொருளே மாறிவிடும்.

புள்ளியில்தான் பொருள்

சொல்லின் நடுவே வரும்போது பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபுத்தமிழில் மேலும் சில எழுத்துகளுக்குப் புள்ளிகள் சேர்க்கப்பட்டன. அரபு எண்களில் பூஜ்யமே ஒரு புள்ளிதான். பழைய நிகாஹ் தாளில் மஹர் 500 என்றிருக்க, கடைசிப் புள்ளி தூசி என்று அழிந்துபோனால் அது 50 ஆகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் அது சுமார் 6 பிக்சல் அகலம் பெறும். அதே ஏ4 பக்கத்தை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 2 பிக்சல்தான் மிஞ்சும். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும்.

எடுக்கும்போது

அச்சிட்ட புகைப்படங்களை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் ஆகும். எழுத்துப் பக்கங்களுக்குக் குறைந்தது 300. பொடி எழுத்தென்றால் 600. கட்டு தளர்ந்த கிதாபை ஸ்கேனர் மேல் கவிழ்த்து அழுத்த வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படம் எடுங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் உண்மையான அளவு பின்னால் தெரியும். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகளில் கறுப்பு வெள்ளை வடிகட்டியைத் தவிர்க்கவும். மங்கிய புள்ளிகளும் சிவப்பு மைத் தலைப்புகளும் அதில் தொலைந்துபோகும்.

மூலக் கோப்பு ஓர் அமானிதம்

பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் 2004-ல் தொடங்கியது. தமிழ்நாடு உட்படப் பல இடங்களின் பழைய ஏடுகள் அதன் உதவியால் படமாக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஆவணக் காப்புப் பணிகளில் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்து, நகலில் மட்டுமே மாற்றம் செய்வார்கள். நாமும் அப்படியே செய்யலாம். மூலத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கங்களைக் குறைக்கிறது. திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். கைபேசி ஜேபெக்காக எடுத்த படமென்றால், எடுத்த கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள்.

முதலில் சிறிதாக்கு, பிறகு கூர்மையாக்கு

இந்த வரிசை முக்கியம். சுருக்கும்போது படம் சற்று மென்மையாகும். அதைச் சரிசெய்யவே கடைசியில் கூர்மையாக்குகிறோம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

1. நகலைத் திறந்து, நீள அகல விகிதம் மாறாதபடி பூட்டி, ‘கியூபிக்’ முறையில் தேவையான அளவுக்கு ஒரே தடவையில் சுருக்குங்கள்.
2. ‘அன்ஷார்ப் மாஸ்க்’ வடிகட்டியில் ‘ரேடியஸ்’ 0.5 முதல் 1 வரை, ‘அமவுண்ட்’ 0.5 என்று தொடங்குங்கள்.
3. 100 சதவீத அளவில் பார்த்து முடிவு செய்யுங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.
4. ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 90-க்குக் குறையாமல் வையுங்கள்.

கூர்மையாக்குதல் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்குகிறது; அதனால் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. சிறிய படத்தைப் பெரிதாக்கினாலும் இதே நிலைதான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தெரியாத முகத்தையும் எழுத்தையும் ஊகித்து வரைந்துவிடுகின்றன. பாட்டனார் முகம் அழகாகத் தெரியலாம்; ஆனால் அது அவர் முகமாக இருக்காது. ஆவணங்களுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். 2023-ல் வந்த ‘எச்.டி.’ வசதியிலும் ஓரளவு சுருக்கம் உண்டு. ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே சென்றுசேரும். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கிலும், மற்றொன்று வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும். குடும்பப் பெண்களின் படங்களைக் குழுக்களில் பகிரும் முன் உரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏதேனும் ஒரு வரியின் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நகலை அனுப்பலாம். குறைந்தால் சற்றுப் பெரிய அளவில் மீண்டும் எடுங்கள்.