அலுமாரி இல்லாத அறைகள்

கிருலப்பனையில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிற அறையில் அலுமாரி இல்லை. சுவரில் ஒரு பள்ளம் இருக்கு. அகலம் மூன்று அடி, ஆழம் ஒன்றரை அடி. வாடகை பேசப் போன அன்றைக்கு வீட்டுக்கார ஆன்ட்டி அதைக் கையால் காட்டி, "உடுப்பு இதுல வைக்கலாம்" என்று சொன்னாங்க. தட்டு இல்லை, கதவு இல்லை, ஒரு கொழுக்கி கூட இல்லை. கூடவே ஒரு கண்டிஷன்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இரண்டு வருஷம் அந்தப் பள்ளத்தில் துடைப்பமும் குடையும்தான் நின்றன. நாங்கள் சூட்கேஸிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்பச் சூட்கேஸிலேயே போட்டோம். போன செமஸ்டர் லீவில் ஒரு நாள் கொடிக்கயிறு அறுந்து, ஈர உடுப்பெல்லாம் நோட்ஸ் மேல விழுந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம், கையில் இருக்கிற காசுக்குள்ள ஒரு அலுமாரியை நாங்களே செய்றது என்று. செய்து முடித்த கதையைப் பிறகு சொல்றேன். செய்யும்போது வந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. நான் ஹட்டன் பக்கம், ரூம்மேட் வட்டுக்கோட்டை. எங்கள் இரண்டு பேருக்குமே உடுப்பு அலுமாரி இருக்கிற வீட்டில் வளர்ந்த ஞாபகம் இல்லை. வறுமை என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். ஆனால் அவ வீட்டில் கொம்பியூட்டர் இருந்தது, எங்க வீட்டில் டீவி, பிரிட்ஜ் எல்லாம் இருந்தது. அலுமாரிதான் இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அலுமாரி தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துக்கீசர் 'அர்மாரியோ' என்றார்கள், நாங்கள் அலுமாரி என்றோம், சிங்களத்தில் அல்மாரிய ஆனது. மேசை, சாவி, ஜன்னல், துவாய், சப்பாத்து எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்த பிறகு அவர்கள் பங்குக்கு ஒன்று தந்தார்கள்: லாச்சி. அலுமாரி போர்த்துக்கீசருடையது, அதை இழுத்துத் திறக்கிற லாச்சி ஒல்லாந்தருடையது. கோட்டைகளை இழந்துவிட்டுப் போன இரண்டு சாம்ராஜ்யங்கள் எங்கள் உடுப்பு வைக்கிற இடத்தில் இன்னும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

அப்படியென்றால் அதற்கு முன்னால் ஆட்கள் பொருட்களை எங்கே வைத்தார்கள்? ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1660இல் மூதூர்ப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருஷம் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டு, 1679இல் தப்பி அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் சாதாரண சனங்களின் வீட்டுச் சாமான்களைப் பற்றிச் சின்னதாக ஒரு இடம் வருகிறது. வீட்டில் தட்டுகள் கிடையாது, மண்பானைகளைப் பிரம்பு உறிகளில் நடு வீட்டில் தொங்கவிட்டிருப்பார்கள், உட்கார ஓரிரண்டு முக்காலி, அதற்கும் சாய்மானம் இல்லை, ஏனென்றால் சாய்மானம் வைத்த ஆசனம் அரசனுக்கு மட்டும். தளபாடம் என்பது வசதி மட்டும் இல்லை, அது அந்தஸ்து, அதற்குச் சட்டம் கூட இருந்தது என்று அந்த ஒரு பந்தியிலேயே தெரிகிறது.

உறியை நாங்கள் கண்ணன் கதையில் மட்டும் நினைக்கிறோம். யோசித்தால் அது பிரமாதமான ஏற்பாடு. தரையில் இடம் பிடிக்காது, எலி ஏறாது, காற்றுப் படும், வீடு மாறும்போது கழற்றிக் கையில் எடுக்கலாம். ஒன்லைனில் இப்போது துணியில் தைத்த ஐந்தடுக்குத் தொங்கு தட்டு ஒன்று விற்கிறார்கள். அது உறிதான், பெயர்தான் வேற.

யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் பெட்டகம் இருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கக் கஷ்டமான மரப்பெட்டி, நகை, பட்டு, காணி உறுதி எல்லாம் அதற்குள்ள. பிறகு மொறட்டுவைத் தச்சர்கள் செய்த அலுமாரி, முழு நீளக் கண்ணாடி வைத்தது, பெண்ணுக்குச் சீதனத்தோடு போகிற சாமானாக ஆனது. எங்கள் பக்கத்துக்கு இந்த இரண்டும் வரவே இல்லை. எங்கள் பக்கம் வந்தது தேயிலைப் பெட்டி.

லயன் அறை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ள ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு. அலுமாரியை வைத்தால் ஒரு ஆள் படுக்கிற இடம் போய்விடும். ஆகவே சுவருக்குச் சுவர் கொடிக்கயிறு, அதில் அன்றாட உடுப்பு. நல்ல உடுப்பு பெட்டியில. எங்கள் அம்மாயியிடம் இருந்த பெட்டி ஒட்டுப்பலகையில் செய்தது, ஓரமெல்லாம் தகரம் மடித்து ஆணி அடித்தது, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டினது. வெளியே கறுப்பு மையில் தோட்டத்தின் பெயரும் ஒரு இலக்கமும் அச்சடித்திருந்தது. தேயிலைக்கு ஈரம் ஏறாமல் கப்பலில் லண்டன் வரை போக வேண்டும் என்று வடிவமைத்த பெட்டி அது. அதே காரணத்தால் ஹட்டன் குளிரிலும் பனியிலும் அம்மாயியின் சேலைக்குப் பூஞ்சணம் பிடிக்கவில்லை. பக்டரியில் உடைந்தது, ஒதுக்கினது என்று வெளியே வருகிற பெட்டிகள் லயத்தில் உடுப்புப் பெட்டியாகும், அரிசிப் பெட்டியாகும், மூடியைக் கவிழ்த்தால் பிள்ளைகள் படிக்கிற மேசையாகும்.

சரக்குப் பெட்டியில் தளபாடம் செய்வதை உலகத்துக்கே ஒரு கலையாகக் காட்டினவர் என்று அமெரிக்கப் பெண் லூயிஸ் பிரிகமைச் சொல்வார்கள். வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற ஸ்பிட்ஸ்பேர்கன் தீவில் தங்கியிருந்தபோது, கப்பலில் வந்த பெட்டிகளைத் தவிர வேறு மரம் கிடைக்காததால் அதிலேயே மேசை, தட்டு எல்லாம் செய்து பழகினார். 1909இல் பெட்டித் தளபாடம் பற்றி ஒரு புத்தகமே போட்டார், நூறு பொருட்கள் செய்யும் முறையோடு. நியூயோர்க்கின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதே கெட்டித்தனத்தைத்தான் எங்கள் லயத்துப் பொம்பளைகளும் காட்டினாங்க. அவங்களுக்குப் புத்தகம் போட நேரம் இல்லை, ஆறரைக்கு மலைக்கு ஏற வேணும்.

அம்மாயியின் பெட்டியில் இன்னொரு விஷயம் இருந்தது. அது எப்பவும் பாதி கட்டின மாதிரியே இருக்கும். மேல் பக்கம் சேலை, அடியில் ஒரு துணி மூட்டை. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மூட்டையைத் தொட்டால் அடி விழுமாம். இந்தியாவுக்குப் போகிற நாளைக்கு என்று கட்டி வைத்தது.

இதைப் புரிய 1948க்குப் போக வேண்டும். அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் கணக்கில் எங்கள் ஆட்கள் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. யாருக்கு எப்ப கடிதம் வரும் என்று தெரியாது. கடிதம் வந்த குடும்பம் ஹட்டனிலும் மற்ற ஸ்டேஷன்களிலும் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கும். அழுகைச் சத்தத்தோடு போன அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எண்பதுகளின் நடுவில் யுத்தத்தால் கப்பல் நிற்கும் வரைக்கும் இது நடந்தது. அம்மாயிக்குக் கடைசி வரை கடிதம் வரவில்லை. அவங்க அண்ணனுக்கு வந்தது. இலங்கையில் மிஞ்சின நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல்.

இருக்கிற அறை தோட்டத்துக்குச் சொந்தம், இருக்கிற நாடு யாருக்குச் சொந்தம் என்று இன்னும் முடிவாகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் யாராவது அலுமாரி வாங்குவாங்களா? அலுமாரி என்பது தூக்க முடியாத சாமான். நாளைக்கும் இங்கேதான் இருப்போம் என்று நம்புகிற ஆள் வாங்குகிற சாமான்.

ரூம்மேட் வீட்டுக் கதை வேறு பாதையில் வந்து அதே இடத்தில் நிற்கிறது. அவ அம்மம்மாவின் சீதன அலுமாரி 1995 வரைக்கும் வட்டுக்கோட்டையில் இருந்தது. அந்த வருஷம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மழைக்குள்ள, ஒரே நாளில், இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம். அவ அம்மாவுக்கு அப்ப பதினேழு வயசு. உறுதியும் சான்றிதழும் அலுமாரி லாச்சிக்குள்ள இருந்ததாம். ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க நேரம் இல்லை. லாச்சியை அப்படியே முழுசாக இழுத்து, சீலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயிட்டா. பிறகு திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரி இல்லை. லாச்சி மட்டும் இன்றைக்கும் அவங்க குசினியில் இருக்கு, வெங்காயம் போட்டு வைக்க. நான் போனபோது பார்த்தேன், பித்தளைக் கைப்பிடி வைத்த வடிவான லாச்சி.

இந்தத் திகதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக ஏலாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளியேறச் சொன்னது. அவங்க வீடுகளிலும் அலுமாரி இருந்தது. ஒப்பந்தம் ஒரு ஒக்டோபர் 30, வெளியேற்றம் இன்னொன்று, இடப்பெயர்வு இன்னொன்று. தற்செயல்தான். ஆனால் மூன்றிலும் எதைத் தூக்கலாம் எதை விடலாம் என்று யோசித்துக்கொண்டு ஒரு பெட்டிக்கு முன்னால் ஒருத்தர் நின்றிருப்பார். அதில் ஒன்றை மட்டும் பேசி மற்றதை விடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

சரி, கொழும்புக்கு வந்தால் முடிந்துவிடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. கிருலப்பனையிலிருந்து நடந்தே போகக்கூடிய வெள்ளவத்தையில் யுத்த காலத்தில் லொட்ஜுகள் நிறைந்திருந்தன. வெளிநாடு போகக் காத்திருந்தவங்க, மருந்து எடுக்க வந்தவங்க, வேலை தேடினவங்க. ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ், பொலிஸ் பதிவுத் துண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியக்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் பொலிசார் புகுந்து, தங்கியிருக்கச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி, 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கமும் கிழக்குப் பக்கமும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் நீதிமன்றம் போனது, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த விடியக்காலையில் உடுப்பை அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த ஆளை விட சூட்கேஸிலேயே வைத்திருந்த ஆளுக்குச் சுகம் என்று சொன்னால் அது பகிடி மாதிரிக் கேட்கும். வெள்ளவத்தையில் இருந்த ரூம்மேட்டின் மாமா இதை உண்மையாகவே சொன்னாராம். அதனால்தான் அவ கொழும்புக்கு வரும்போது வீட்டில் கொடுத்த புத்தி: "சூட்கேஸைக் குலைச்சுப் போடாத, அடுக்கியே வை."

இப்ப எங்கள் அலுமாரிக்கு வருவோம். நெட்பிளிக்ஸில் 2019இல் மேரி கொண்டோ வந்தபோது பார்த்திருப்பீங்க, ஒவ்வொரு உடுப்பையும் கையில் எடுத்துச் சந்தோஷம் தருதா என்று கேட்பது. எங்களிடம் இருந்ததே கொஞ்சம், தூக்கிப் போட ஒன்றும் இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது தட்டு.

சந்திப் பழக்கடையில் ஆறு பலகைப் பெட்டி கேட்டு வாங்கினோம், ஒன்று 150 ரூபா. உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்க்க வேணும், இல்லாட்டி சிலாம்பு உடுப்பை இழுக்கும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக நிறுத்தி, ஒன்றோடொன்று கம்பியால் கட்டினோம். சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தோம், கொழும்புச் சுவர் வேர்க்கும், ஒட்டி வைத்தால் ஒரு மாசத்தில் பூஞ்சணம். இரண்டு அடுக்குக்கும் குறுக்கே மேலே ஓர் அங்குல பீவீசீ பைப். முதல் நாளே அது வில்லு மாதிரி வளைந்து, ரூம்மேட்டின் சாரியெல்லாம் நடுவில் குவிந்தது. பிறகு பழைய தும்புத்தடியின் கம்பைப் பைப்புக்குள்ள சொருகினோம், நிமிர்ந்து நின்றது. நடுவில் தொங்குவது பழைய பெட்சீட்டில் தைத்த உறி, ஐந்தடுக்கு, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் மட்டை. கதவுக்குப் பதில் அம்மாவின் வெளிறிப் போன வொயில் சாரி. மொத்தம் 2,700 ரூபா. சுவரில் ஒரு ஆணி இல்லை. ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, சிங்களத்தில் நல்லா இருக்கு என்று சொல்லி, தன் மகளுக்கும் ஒன்று செய்து தருவீங்களா என்று கேட்டாங்க.

இரண்டு சூட்கேஸும் காலியானது. என்னுடையதை ஊருக்கு அனுப்பிட்டேன், தம்பிக்குத் தேவையாம். ரூம்மேட்டின் சூட்கேஸ் பெட்டி அடுக்குக்கு மேலே இருக்கு. அதற்குள்ள இப்ப உடுப்பு இல்லை. பிறப்பு அத்தாட்சி, சேர்ட்டிபிகேட் பைல், ஒரு மாத்துச் சட்டை, ஒரு துவாய். கீழே ஒரு தட்டு சும்மா கிடக்கு, பைலை அதில் வைக்கலாமே என்று கேட்டேன்.

"அது அங்கயே கிடக்கட்டும்" என்றாள்.