அழுகைக்கு இடந்தராத வீடு: பியாலாவின் ‘திறந்த வாய்’

ஒரு கலைப்படைப்பின் வரலாறு அதனைப் படைத்தவனோடு முடிந்துவிடுவதில்லை. அதனை ஏற்றவர், மறுத்தவர், பாதியில் எழுந்து சென்றவர் ஆகியோரின் வரலாறும் அதனுள் அடங்கும். பிரெஞ்சுத் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்று, மோரிஸ் பியாலா இயக்கி 1974இல் வெளிவந்த ‘திறந்த வாய்’ என்னும் குடும்பச் சித்திரம். அதன் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு தாய் புற்றுநோயால் இறக்கிறாள், கணவனும் மகனும் மருமகளும் அருகிலிருக்கின்றனர். இத்துணை எளிய கதையை அக்காலப் பார்வையாளர் ஏன் புறக்கணித்தனர்? பின்வந்தோர் அதனை ஏன் தேடிச் சென்றனர்? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருள்.

பியாலா 1925இல் பிரான்சின் நடுப்பகுதியான ஓவெர்ஞ் வட்டாரத்தில் பிறந்தவர். ஓவியராக வேண்டுமென்று முயன்று, பின்னரே திரைத்துறைக்கு வந்தார். முதல் முழுநீளப் படமான ‘நிர்வாணக் குழந்தைமை’ 1968இல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெற்றவளால் கைவிடப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் அலைக்கழியும் சிறுவனின் கதை அது. அடுத்து 1972இல் வந்த ‘நாம் சேர்ந்து முதுமையடையோம்’ ஓர் ஆணும் பெண்ணும் பிரிந்தும் கூடியும் பிரிந்தும் சிதைவதைக் காட்டியது. கசப்பு மிகுந்த அப்படத்தைச் சுமார் 17 இலட்சம் மக்கள் பார்த்தனர். அதில் நடித்த ழான் யான் கான் விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். ஆகவே கசப்பான படம் எதையும் பிரெஞ்சு மக்கள் ஏற்பதில்லை என்று கூறுதல் பொருந்தாது. அவர்கள் மறுத்தது வேறொன்றை.

‘திறந்த வாய்’ பியாலாவின் சொந்தத் தாயின் மரணத்திலிருந்து பிறந்தது. தலைப்பே முரடானது. பிரெஞ்சில் விலங்கின் வாயைக் குறிக்கும் சொல்லை மனித முகத்திற்கு ஆளும்போது அதில் ஏளனம் கலந்துவிடும். இறுதி மூச்சுக்குத் திணறுபவளின் வாயை அச்சொல்லால் குறித்தார் அவர். படத்தின் தொடக்கப் பகுதியில் தாயும் மகனும் ஒரு மேசையருகே அமர்ந்து பேசுகின்றனர். பின்னர் மொசார்ட்டின் இசைத்தட்டொன்றைக் கேட்கின்றனர். பல நிமிடங்கள் வெட்டின்றி நீளும் காட்சி அது. அதன் பிறகு மருத்துவம் கைவிட்ட தாயை ஊருக்குக் கொண்டுவருகின்றனர். மேலே நோயாளியின் அறை. கீழே கணவனின் துணிக்கடை. மனைவி சாகக் கிடக்கையிலேயே அவன் கடைக்கு வரும் பெண்களிடம் சில்மிஷம் செய்கிறான். மகனும் தந்தைக்குச் சளைத்தவனல்லன். ஆயினும் அந்தக் கணவனே தேம்பி அழவும் செய்கிறான். தாயாக மோனிக் மெலினானும், தந்தையாக உய்பேர் தெஷானும், மகனாகப் பிலிப் லெயோதாரும், மருமகளாக நத்தாலி பாயும் நடித்தனர். ஒளிப்பதிவு நெஸ்தோர் அல்மெந்த்ரோஸ். நமது கண்ணீரைத் தூண்டவென்று பின்னணி இசை ஏதும் சேர்க்கப்படவில்லை. அடக்கம் முடிந்ததும் மகனும் மருமகளும் காரில் ஊரை விட்டுச் செல்கின்றனர். காரிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் ஒரே நீண்ட காட்சியில் அவ்வூர் சிறுத்து மறைகிறது. தந்தை தனியே எஞ்சுகிறான்.

படம் வணிகத்தில் படுதோல்வி கண்டது. பியாலாவின் சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் அதனோடு வீழ்ந்தது. எழுபதுகளின் இறுதியில்தான் அவரால் அடுத்த படத்தை வெளியிட முடிந்தது.

இத்தோல்வியை மக்களின் சுவைக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் முறையன்று. அக்காலச் சூழலைக் காணவேண்டும். மேலைநாட்டார் மரணத்தை நோக்கிய முறைகளைப் பற்றிப் பிலிப் ஆரியெஸ் என்னும் பிரெஞ்சு வரலாற்றறிஞர் அதே ஆண்டுகளில்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்தம் கட்டுரைத் தொகுதி 1975இலும் பெருநூல் 1977இலும் வெளிவந்தன. ஒருகாலத்தில் வீட்டில், உற்றார் சூழ நிகழ்ந்த சாவு, இருபதாம் நூற்றாண்டில் மருத்துவமனைக்குள் மறைக்கப்பட்டுப் பேசத்தகாத பொருளாயிற்று என்பது அவர் முடிவு. புற்றுநோய் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் ‘நீண்ட நோய்’ என்று குறிப்பது அன்றைய பிரெஞ்சு இரங்கற் செய்திகளின் வழக்கம். சமுதாயம் வீட்டிலிருந்து அகற்றிய சாவைப் பியாலா மறுபடியும் வீட்டுக்குள், அதுவும் கடைக்கு மேலேயே கொண்டுவந்து கிடத்தினார். மக்கள் முகந்திருப்பியதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. சுவீடனின் இங்மார் பெர்க்மன் 1972இல் எடுத்த ‘அழுகுரல்களும் கிசுகிசுப்புகளும்’ படத்திலும் ஒரு பெண் நோயால் துடித்துச் சாகிறாள். சகோதரியர் அன்பற்று நிற்கின்றனர். உலகம் அதனைப் பாராட்டியது. ஆனால் பெர்க்மன் செந்நிறச் சுவர்களையும், கனவையும், நோயாளியைத் தன் மார்பில் அணைத்துக்கொள்ளும் பணிப்பெண்ணையும் தந்தார். துயரம் அங்கே ஓர் அழகிய வடிவம் பெறுகிறது. பியாலா அத்தகைய அடைக்கலம் எதையும் தரவில்லை. ஒப்பாரி கேட்டால் நெஞ்சு இளகும். ஒப்பாரியே இல்லாத சாவு வீட்டில் நாம் என்ன செய்வது? பார்வையாளர் எழுந்துபோக நேர்ந்தது இவ்விடத்தில்தான்.

பின்னாளில் நிலைமை மாறியது. 1983இல் வெளிவந்த ‘நம் காதல்களுக்காக’ படத்தில் பியாலாவே தந்தையாக நடித்தார். அடியும் கூச்சலுமாய்ச் சிதையும் அக்குடும்பத்தை மக்கள் விரும்பிப் பார்த்தனர். சிறந்த படத்திற்கான சேசார் விருதில் அதற்கும் பங்கு கிடைத்தது. 1987இல் ‘சாத்தானின் கதிரவன் கீழ்’ கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றபோது அரங்கில் சீழ்க்கையொலி எழுந்தது. பியாலாவோ முட்டியை உயர்த்தி, என்னை நீங்கள் விரும்பாவிடில் நானும் உங்களை விரும்பவில்லை என்னும் பொருள்படப் பேசினார். 2003இல் அவர் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்துப் பாரிசின் திரைப்படக் காப்பகம் அவர்தம் ஓவியங்களுக்கும் படங்களுக்கும் பெரும் கண்காட்சி நடத்தியது. 2012இல் மிகாயேல் ஹானெக்கெயின் ‘அன்பு’ முதிய தம்பதியின் நோயையும் சாவையும் காட்டித் தங்கப்பனை விருதைப் பெற்றது. முன்பு மூடப்பட்ட கதவு திறந்துவிட்டது போலும். எனினும் அப்படத்தில் கணவனின் அன்பேனும் நமக்குத் துணையாக நிற்கிறது. ‘திறந்த வாய்’ இன்றும் அதனினும் கடினமானது.

நோயாளியின் படுக்கையருகே இரவுகளைக் கழித்தவர் இப்படத்தைப் பார்க்க அஞ்சுவாராயின், அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அவர் அறிந்ததையே படம் சொல்கிறது. ஆனால் அத்தகையோருக்கு மட்டுமே விளங்கும் ஓர் ஆறுதலும் அதில் உண்டு. தாயின் உயிர் பிரியும் நேரத்தில் பசியெடுத்ததையும், மனம் வேறெங்கோ திரிந்ததையும், எல்லாம் விரைவில் முடிந்துவிடாதா என்று எண்ணியதையும் நாம் யாரிடமும் சொல்வதில்லை. பியாலா தம் தாயை முன்னிறுத்தி அதனைச் சொன்னார். அவ்வாறு சொல்லியும் அவள்மீது கொண்ட அன்பு ஓர் அணுவும் குறையவில்லை.

நம் வட்டத்தின் கவிஞர்கள் இரங்கற்பா பல எழுதியுள்ளனர்; இனியும் எழுதுவர். இறந்தவரைத் தெய்வமாக்குவதும் இருப்பவரைத் தூயவராக்குவதும் அப்பாக்களில் நமக்குக் கைவந்த வழக்கம். அவ்வழக்கத்தை விட்டொழிக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. அடுத்த இரங்கற்பாவை எழுதுமுன், மாடியில் நோயாளியும் கீழே திறந்திருக்கும் கடையுமாக நிற்கும் அவ்வோவெர்ஞ் வீட்டை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம் என்றே வேண்டுகிறேன்.