அங்கூர் - வீட்டுக்கு வந்தது யார்?

ஹைதராபாத் சரித்திரம் என்று பேச்செடுத்தால் நிஜாம், வைரம், பிரியாணி மூன்றிலேயே முடிந்துவிடும். கிராமத்துப் பக்கம் என்ன நடந்தது என்று தெரிய ஷ்யாம் பெனகலின் 'அங்கூர்' (1974) பாருங்கள். அவர் இந்த ஊர்க்காரர்தான். 2024 டிசம்பரில் காலமானார். 1950களில் இந்தப் பக்கம் நடந்த உண்மைச் சம்பவம்தான் கதைக்கு மூலம் என்பார்கள். பேசுவதும் சுத்த ஹிந்தி இல்லை, தக்கனி.

தோட்டத்து வீடு. அதைப் பார்த்துக்கொள்வது லக்ஷ்மி (ஷபானா ஆஸ்மிக்கு முதல் படம், தேசிய விருது), அவள் கணவன் கிஷ்டய்யா. காது கேட்காது, பேச்சும் வராது, குயவன். அங்கே நிலத்தைப் பார்க்க ஹைதராபாத்தில் படித்த பண்ணையார் மகன் சூர்யா (அனந்த் நாக்) வந்து இறங்குகிறான். சாதியெல்லாம் பார்க்க மாட்டேன் என்று லக்ஷ்மி கையால் டீ குடிக்கிறான். கள் திருடியதாகக் கிஷ்டய்யாவை மொட்டையடித்துக் கழுதை மேல் ஏற்றுகிறார்கள். அவமானத்தில் ஊரைவிட்டே போகிறான். லக்ஷ்மி கர்ப்பமானதும் 'கலைத்துவிடு' என்கிறான் சூர்யா. அவன் மனைவி சரோஜ் வந்ததும் லக்ஷ்மிக்கு வேலையும் போச்சு.

கடன் ஃபைல் பார்த்துப் பழகிய புத்தி, எனக்கு முதலில் தோன்றியது 'பட்டா யார் பேரில்?' என்பதுதான். தினம் அங்கே புழங்குகிறவளிடம் துண்டுக் காகிதம் கிடையாது. நேற்று வந்தவன் முதலாளி!

1948 செப்டம்பரில் ராணுவம் நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்தது. 1949ல் ஜாகீர் ஒழிப்பு, 1950ல் குத்தகைச் சட்டம். ஆனால் ஜாகீர் என்பது பெரும்பாலும் வரி வசூலிக்கும் உரிமை. அது போனாலும், தேஷ்முக், பட்டேல் குடும்பங்கள் சொந்தப் பட்டாவில் சேர்த்திருந்த நிலம் அவர்களிடமே இருந்தது. 1946 முதல் 1951 வரை கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கியது இந்த நிலத்துக்கும், 'வெட்டி' என்ற கூலியில்லாக் கட்டாய வேலைக்கு எதிராகவும்தான். (சோழர் கல்வெட்டுகளிலும் இதே 'வெட்டி' உண்டு. நாம் சும்மா இருப்பவனை வெட்டி ஆபீசர் என்கிறோம், என்ன கொடுமை!)

கடைசியில் கிஷ்டய்யா குடியை விட்டுத் திரும்பி வருகிறான். வேலை கேட்டுப் போனவனை, பழிவாங்க வருகிறான் என்று பயந்து சூர்யா சாட்டையால் விளாசுகிறான். தப்பு செய்தவனின் பயம் இருக்கிறதே, அதை அனந்த் நாக் முகத்தில் பார்க்கணும். அப்புறம் ஒரு பொடியன் ஜன்னல் கண்ணாடியில் கல்லெறிகிறான்.

படம் வருவதற்கு முந்தைய வருடம், 1973ல்தான் ஆந்திரப் பிரதேச நில உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள். பெனகலின் இன்னொரு படம் 'நிஷாந்த்' (1975). அதுவும் தெலங்கானா பண்ணைதான், ஆனால் இன்னும் கொடூரம். முதலில் இதைப் பாருங்கள்.