தெலுங்கு கங்கைத் திட்டம்

கிருஷ்ணா ஆற்றுநீரைச் சென்னை மாநகரின் குடிநீருக்காகக் கொண்டுவரும் மாநிலங்களிடைத் திட்டம். தமிழ்நாட்டில் 'கிருஷ்ணா நீர்' என்றே வழங்கும். கிருஷ்ணா படுகையில் தமிழ்நாடு சேராது. ஆற்றில் அதற்குப் பங்கும் கிடையாது. சென்னைக்கு வரும் ஒவ்வொரு சொட்டும் பிற மாநிலங்கள் தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தது.

புழல் ஏரியிலிருந்து 1872 முதல் சென்னைக்குக் குடிநீர் வந்தது. மேயர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் அமைந்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்றது. கிருஷ்ணா நீரைத் தெற்கே திருப்பும் எண்ணம் யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா–பெண்ணாறு திட்டத்தில் அதன் வேர் இருப்பதாகச் சிலர் கருதுவர். ஆந்திரத் தரப்பின் எதிர்ப்பாலும் மாநிலப் பிரிவினையாலும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1976 ஏப்ரலில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவை ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) வீதம் 15 டி.எம்.சி. நீர் தர இசைந்தன. நெருக்கடி நிலைக் காலம் அது. தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் வற்புறுத்தல் எந்த அளவுக்கு இதற்குக் காரணம் என்பதை நூலாசிரியர்கள் ஒருபோல் மதிப்பிடுவதில்லை. 1977-இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் 1983 ஏப்ரலில், எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது, தமிழ்நாடும் ஆந்திரமும் செயல்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக, எல்லையில் 12 டி.எம்.சி. தர வேண்டும்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ராயலசீமா, நெல்லூர்ப் பகுதிகளில் 5.75 லட்சம் ஏக்கர் பாசனத்தையும் ஆந்திரம் இதனுடன் இணைத்தது. குடிநீருக்குத் தந்த இசைவு பாசனத்துக்கும் பொருந்துமா என்று மேல்மாநிலங்கள் ஆட்சேபித்தன.

நீரின் பாதை நெடியது. ஸ்ரீசைலம் அணையின் மேற்புறம் போத்திரெட்டிப்பாடு மதகில் புறப்பட்டு, வெலுகோடு, பிரம்மம்காரி மடம் நீர்த்தேக்கங்களைக் கடந்து பெண்ணாற்றில் இறங்குகிறது. சோமசிலா அணையில் தேங்கி, அங்கிருந்து கண்டலேறு சேர்கிறது. கண்டலேறிலிருந்து 152 கி.மீ. ஓடி ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லையைத் தொடுகிறது. அந்த இடத்துக்கு 'ஜீரோ பாயிண்ட்' என்று பெயர். கண்டலேறு மதகு திறந்த சில நாள்களில் இங்கு நீர் எட்டிப்பார்க்கும். தமிழக அதிகாரிகள் மலர் தூவி வரவேற்பார்கள். ஒரு கால்வாய்க்கு இத்தனை மரியாதை அரிது. இங்கிருந்து பூண்டி சுமார் 25 கி.மீ.

1996 செப்டம்பரில் முதல் நீர் பூண்டியை அடைந்தது. மண் கால்வாயில் கரைகள் சரிந்ததாலும் கசிவாலும் வந்த நீர் சொற்பம். நான்கு அரசுகள் கூடி எடுத்த பணியின் இந்தக் குறையைச் சீர்செய்ய முன்வந்தது ஓர் அறக்கட்டளை. புட்டபர்த்தி சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை 2002-இல் அறிவித்த சீரமைப்பு முடிந்து, 2004-இல் நீர் மீண்டும் பூண்டிக்கு வந்தது. அதுமுதல் அக்கால்வாய்க்கு 'சாய் கங்கா' என்ற பெயரும் உண்டு.

பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி. முழுமையாக வந்ததில்லை. வறட்சி, வழியில் விவசாயிகள் மோட்டார் வைத்து எடுப்பது, பராமரிப்புச் செலவு பாக்கி எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எது முதன்மை என்பதில் இரு மாநிலங்களும் ஒத்துப்போவதில்லை. சென்னையின் தேவைக்கு வேறு வழிகளும் தேடப்பட்டன. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2004-இல் வீராணம் ஏரியின் நீர் சென்னைக்கு வந்தது. 2010 முதல் கடல்நீரும் குடிநீராக்கப்படுகிறது. 2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. கிருஷ்ணா நீரையும் சேமிக்கும் நோக்கில் அமைந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது, கொள்ளளவு 0.5 டி.எம்.சி.